குளித்தால் அரிப்பு: தண்ணீர் மீது பழி போடலாமா?

"இந்த ஊர்த் தண்ணீர் நமக்கு ஒத்துக்கொள்ளவில்லை." ஊரிலிருந்து பெங்களூருக்குக் குடிவந்த தமிழ்க் குடும்பங்களில் முதல் வருடத்துக்குள் ஒரு முறையாவது கேட்கும் பேச்சு இது. குளித்து வந்த பிள்ளைக்கு முதுகெல்லாம் தடிக்கிறது. ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் தாத்தாவுக்குக் கால் முழுவதும் நமைச்சல். அம்மாவுக்குத் தலைக்குக் குளித்தால் வரிசையாகப் பத்துத் தும்மல். உடனே பழி காவேரி மீதோ, போர் தண்ணீர் மீதோ, டேங்கர்காரர் மீதோ விழுகிறது. சிலர் வீட்டையே மாற்றுகிறார்கள். சிலர் ஆயிரக்கணக்கில் செலவழித்து நீரை மென்மையாக்கும் இயந்திரம் வாங்கிப் பொருத்துகிறார்கள். இன்னும் சிலர் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய களிம்பை மாதக்கணக்கில் தடவிக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள்.

குளித்தால் வரும் அரிப்புக்கு ஏழெட்டுக் காரணங்கள் உண்டு என்கிறது மருத்துவம். அவற்றில் தண்ணீரே நேரடிக் காரணமாக இருப்பது மிக மிக அரிது. சில காரணங்கள் ஒரு கைப்பிடி தேங்காய் எண்ணெயில் தீர்ந்துவிடும். ஒன்றிரண்டு உயிருக்கே ஆபத்தானவை. எது எது என்று பிரித்தறிய வீட்டிலேயே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளலாம். அரிப்பு எப்போது வருகிறது? தோலில் கண்ணுக்கு என்ன தெரிகிறது? எவ்வளவு நேரம் நீடிக்கிறது? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்து மருத்துவரிடம் போகிறவருக்கு பாதி வைத்தியம் ஆன மாதிரிதான்.

நம் நகரத்தின் இரண்டு தண்ணீர்கள்

முதலில் குற்றம் சாட்டப்பட்ட தண்ணீரையே விசாரித்துவிடுவோம். பெங்களூருக்கு அருகில் பெரிய ஆறு கிடையாது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹெசரகட்டா ஏரியும், 1933-ல் அர்க்காவதி ஆற்றின் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கமும் நகருக்குத் தண்ணீர் தந்தன. காவேரி வந்தது 1974-ல். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து, கடல் மட்டத்துக்கு 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் நம் நகருக்கு அது மேலேற்றப்பட்டு வருகிறது. நகரின் ஓரத்தில் பின்னர் சேர்ந்த 110 கிராமப் பகுதிகளுக்கான ஐந்தாம் கட்டத் திட்டம் 2024 அக்டோபரில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. அதே ஆண்டுக் கோடையில் போர்கள் வறண்டு, டேங்கருக்காகத் தெருவில் காத்துக் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆகவே ஒரே நகரத்தில் இருவகைத் தண்ணீர் ஓடுகிறது. ஆற்று நீர் பொதுவாக மென்மையானது. பாறைக்கடியிலிருந்து வரும் போர் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் மிகுந்திருக்கும். இதைத்தான் கடின நீர் என்கிறோம். ஊரில் உப்புத் தண்ணீர் என்போம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயப்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை ஏற்கலாம். குழாய் வாயில் வெள்ளைப் படிவு, கீசர் கம்பியில் சுண்ணாம்பு, எவ்வளவு தேய்த்தாலும் நுரைக்காத சோப்பு ஆகியவை கடின நீரின் அடையாளங்கள். இயந்திரம் விற்க வருகிறவர் பேனா போன்ற ஒரு கருவியை நீரில் முக்கி எண்ணைக் காட்டிப் பயமுறுத்துவார். அது நீரில் கரைந்துள்ள எல்லா உப்புகளின் மொத்த அளவைக் காட்டுகிறதே தவிர, கடினத்தன்மையைத் தனியே காட்டுவதில்லை.

கடின நீர் தோலுக்குக் கெடுதலா? ஓரளவுக்கு ஆம். ஆனால் அது சோப்போடு சேரும்போதுதான். கால்சியம் சோப்புடன் கலந்து கரையாத பிசுக்காகி, பக்கெட்டின் உள்விளிம்பில் படிவது போலவே தோலிலும் படிகிறது. நுரை வரவில்லையே என்று இன்னும் சோப்புப் போடுகிறோம். பிசுக்கு போகவில்லையே என்று இன்னும் தேய்க்கிறோம். நம் தோலின் மேற்பரப்பு சற்றே அமிலத் தன்மை கொண்டது. சாதாரண சோப்போ காரம். இரண்டும் மோதும்போது தோலின் இயற்கையான எண்ணெய்ப் பூச்சு கழன்றுபோகிறது.

பிரிட்டனில் நாட்டிங்காம் பகுதிப் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து 1998-ல் வெளியான ஆய்வு, கடின நீர்ப் பகுதிகளில் தொடக்கப் பள்ளி வயதினரிடம் கரப்பான் அதிகம் காணப்பட்டதைச் சொன்னது. அப்படியானால் நீரை மென்மையாக்கினால் கரப்பான் குறைய வேண்டுமல்லவா? அதையும் சோதித்தார்கள். கரப்பான் உள்ள 336 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர் வீடுகளில் மட்டும் மென்மையாக்கும் இயந்திரம் பொருத்தி, 12 வாரம் கழித்துப் பார்த்தார்கள். 2011-ல் வெளியான முடிவு: இரு பிரிவுக்கும் நோய் குறைந்ததில் வேறுபாடு இல்லை. கடன் வாங்கி இயந்திரம் வாங்க நினைப்பவர்கள் இந்த ஒரு ஆய்வை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

குளித்துச் சற்று நேரம் கழித்து வரும் நமைச்சல்

இனி நம் மூன்று கேள்விகளுக்கு வருவோம். குளிக்கும்போது ஒன்றுமில்லை, துவட்டி, உடுத்திச் சற்று நேரம் ஆனதும் தோல் இழுத்துப் பிடிக்கிறது, நமைக்கிறது. முழங்காலுக்குக் கீழே தோல் வெளிறிச் செதில் செதிலாக இருக்கிறது. சொறிந்தால் வெள்ளைக் கோடு விழுகிறது. இது வறட்சி. பெங்களூரில் "தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை" என்ற பேச்சுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ தூத்துக்குடியிலோ கடற்காற்றின் ஈரம் தோலைக் காத்தது. வாளித் தண்ணீரை அப்படியே மொண்டு ஊற்றிக்கொண்டோம். இங்கே காற்றில் அந்த ஈரம் இல்லை. மார்கழி, தை மாதத்து அதிகாலைக் குளிர் 15, 16 டிகிரிக்கு இறங்குகிறது. கீசரைத் திருப்பி, ஆவி பறக்கும் நீரில் கால் மணி நேரம் நிற்கிறோம். கொதிநீர் தோலின் எண்ணெயைக் கரைத்துக் கொண்டுபோகிறது. உலர்ந்த காற்று மிச்ச ஈரத்தையும் உறிஞ்சுகிறது. வயதானவர்களுக்குத் தோலில் எண்ணெய்ச் சுரப்பு ஏற்கெனவே குறைவு. அதனால்தான் பிள்ளை வீட்டுக்கு வந்து தங்கும் தாய் தந்தையருக்கு இது கடுமையாக வருகிறது. கவனிக்காமல் விட்டால் வறண்ட ஏரி போலக் காலில் பாளம் பாளமாக வெடித்து நீர் கசியும்.

இதற்கு வைத்தியம் எளிது. வெதுவெதுப்பான நீர், ஐந்திலிருந்து பத்து நிமிடக் குளியல். சோப்பு அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, உடம்பு முழுதும் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயோ வாசனை சேர்க்காத வாஸ்லினோ தடவிவிட வேண்டும். குளித்து அரை மணி கழித்துத் தடவுவதற்கும், மூன்று நிமிடத்துக்குள் தடவுவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. எண்ணெய் தடவிய காலோடு ஈரத் தரையில் நடந்தால் வழுக்கும். பெரியவர்களை உட்காரவைத்துத் தடவுங்கள்.

குளிக்கும்போதே எழும் தடிப்பு

கொசு கடித்தது போல் சிவந்து எழுந்து, அரித்து, ஓரிரு மணிக்குள் சுவடே இல்லாமல் மறைகிறது என்றால் அது காணாக்கடி. தோலில் உள்ள சில அணுக்கள் தூண்டப்பட்டு ஹிஸ்டமின் என்ற பொருளைக் கொட்டுவதால் வருவது. குளியலில் அதைத் தூண்டக்கூடியவை நான்கு.

முதலாவது சூடு. உடம்பு சூடேறி வியர்க்கத் தொடங்கும்போது மார்பிலும் முதுகிலும் குண்டூசித் தலை அளவில் சின்னச் சின்னத் தடிப்புகள் எழும். இளவயதினருக்கு அதிகம். இவர்களுக்கு ஓடினாலும், காரமாகச் சாப்பிட்டாலும், பரீட்சைப் பதற்றத்திலும் இதே தடிப்பு வரும். அப்படி வருகிறதா என்று கேட்டாலே தண்ணீர் நிரபராதி என்பது தெரிந்துவிடும்.

இரண்டாவது குளிர். பச்சைத் தண்ணீர் பட்ட இடம் தடிக்கும். ஐஸ் கட்டி பிடித்த கையும், பனிக்காற்று பட்ட முகமும் வீங்கும். முழங்கையின் உட்புறம் ஐந்து நிமிடம் பனிக்கட்டி வைத்து, எடுத்தபின் தடிக்கிறதா என்று பார்ப்பது இதற்கான சோதனை. இதை மருத்துவமனையில்தான் செய்துகொள்ள வேண்டும், வீட்டில் வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறோம்.

மூன்றாவது உரசல். பீர்க்கங்காய் நார், முரட்டுத் துண்டு, இவற்றால் தேய்த்த கோட்டிலேயே தடிப்பு எழும். முதுகில் நகத்தால் மெல்லக் கோடு போட்டால் அந்தக் கோடே புடைத்து நிற்கும். நாரை விட்டுவிட்டாலே பாதி குறையும்.

நான்காவதுதான் தண்ணீர். வெந்நீர், பச்சைத் தண்ணீர், வியர்வை, கண்ணீர் எதுவானாலும் பட்ட இடத்தில் தடிப்பு எழும் நோய் ஒன்று உண்டு. அமெரிக்க மருத்துவர்கள் ஷெல்லி, ராவ்ன்ஸ்லி ஆகிய இருவர் 1964-ல் இதை முதலில் எழுதினார்கள். அதற்குப் பிறகு உலகம் முழுவதிலும் பதிவானவர்கள் மிகச் சிலரே. உடல் வெப்ப அளவிலுள்ள ஈரத் துணியை மார்பிலோ முதுகிலோ 20 நிமிடத்துக்கு மேல் வைத்துப் பார்த்து மருத்துவர் உறுதி செய்வார். அப்படிப்பட்டவருக்கு எந்த ஊர்த் தண்ணீரும் ஒன்றுதான். காவேரியை விட்டுத் தாமிரபரணிக்குப் போனாலும் தடிக்கும்.

தடிப்பே இல்லாத அரிப்பு

இந்தப் பகுதியை நாற்பது வயதைக் கடந்தவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். குளித்த சில நிமிடங்களில் ஊசி குத்துவது போலத் தாங்க முடியாத அரிப்பு. ஏறத்தாழ ஒரு மணி நேரம் நீடிக்கிறது. ஆனால் தோலில் தடிப்போ சிவப்போ வறட்சியோ எதுவும் இல்லை. வீட்டார் "மனப் பிரமை" என்கிறார்கள். பிரமை அல்ல. பலருக்கு இது தனியாக, வேறு நோய் எதுவும் இல்லாமல் வருவதுண்டு. சிலருக்கோ இது ரத்தத்தில் சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகும் ஒரு நோயின் முன்னறிவிப்பு. பாலிசைத்தீமியா வேரா என்பது அதன் பெயர். ரத்தம் கெட்டியாகி, உறைந்து, பக்கவாதமோ மாரடைப்போ வரக் காரணமாகும் நோய் அது.

ஜெர்மனியில் இந்த நோய் உள்ள 441 பேரைக் கேட்டு 2013-ல் வெளியிட்ட ஆய்வில், 301 பேருக்குத் தண்ணீர் பட்டால் அரிப்பு இருந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே, சராசரியாக ஏறக்குறைய மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, அரிப்பு தொடங்கிவிட்டது. அந்த அரிப்பை வைத்து ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தது மிகச் சிலருக்குத்தான். எந்தச் சிறு பரிசோதனைக் கூடத்திலும் செய்யும் சாதாரண முழு ரத்தப் பரிசோதனை முதல் துப்பைக் கொடுத்துவிடும். ஹீமோகுளோபின் அதிகம் என்று வந்தால் "நல்ல ரத்தம்" என்று மகிழ்ந்து காகிதத்தை மடித்து வைத்துவிடாதீர்கள்; மருத்துவரிடம் காட்டுங்கள். 2005-ல் கண்டறியப்பட்ட ஒரு மரபணு மாற்றம் இந்நோயாளிகளில் ஏறக்குறைய எல்லோரிடமும் இருக்கிறது என்பதால், நோயை உறுதி செய்வது இன்று கடினமல்ல.

இரண்டு நாள் கழித்து வருவதும், வீடு முழுவதும் வருவதும்

புது ஷாம்பு போட்டு ஒன்றிரண்டு நாளில் காதோரம், கழுத்து, இமை ஆகிய இடங்களில் சிவந்து, அரித்து, செதிலாகிறது என்றால், உபயோகித்த பொருள்தான் ஒத்துக்கொள்ளவில்லை. வாசனைப் பொருள்கள், தலைமுடிச் சாயத்தில் உள்ள பிபிடி, ஷாம்பும் திரவ சோப்பும் கெடாமல் இருக்கச் சேர்க்கும் மெத்தில்ஐசோதயசோலினோன் ஆகியவை பெயர்பெற்ற குற்றவாளிகள். கடைசியாகச் சொன்னதை அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2013-ன் முக்கிய ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. "நாங்கள் இயற்கைப் பொருள்தான் உபயோகிக்கிறோம்" என்பதும் முழுப் பாதுகாப்பு அல்ல. மஞ்சள் ஒத்துக்கொள்ளாத தோலும் உண்டு. சீயக்காய்த் தூள் கண்ணையும் மூக்கையும் உறுத்தும். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாது. ஒன்றை மட்டும் நிறுத்தி இரண்டு வாரம் பாருங்கள். அதிலும் பிடிபடாவிட்டால், தோல் மருத்துவர் முதுகில் சிறு ஒட்டுகள் ஒட்டிச் சோதித்துச் சொல்வார்.

வீட்டில் எல்லோருக்கும் அரிக்கிறது, அதுவும் இரவில் அதிகம், வெந்நீரில் குளித்தால் இன்னும் அதிகம் என்றால், "பார்த்தீர்களா, தண்ணீர்தான்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். அது பெரும்பாலும் சொறி எனப்படும் சிறு பூச்சி நோய். விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றிப் பாருங்கள். வீட்டில் உள்ள அனைவரும் ஒரே நாளில் மருந்து தடவிக்கொண்டால்தான் அது போகும். இல்லாவிட்டால் ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

குளித்ததும் தும்மல்

வெந்நீர் ஆவியிலிருந்து குளிர்ந்த காற்றுக்கு வரும்போது மூக்கின் நரம்புகள் திடீர் மாற்றத்துக்குக் காட்டும் எதிர்ப்பு இது. பலருக்கு அவ்வளவுதான். ஆனால் பெங்களூர் மூச்சு ஒவ்வாமைக்குப் பேர்போன ஊர். குழந்தை மருத்துவர் எச். பரமேஷ் இங்கே தம் மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளிடம் கண்ட ஆஸ்துமா அளவு 1979-ல் 9 சதவீதம், 1999-ல் 29.5 சதவீதம். தும்மலோடு இளைப்பும் இரவு இருமலும் இருந்தால் குளியலைக் குறை சொல்லிக்கொண்டிராமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். குளியலறைச் சுவரின் கரும் பூசணத்தையும் துடைத்தெடுக்க வேண்டும்.

உடனே ஓட வேண்டிய நேரம்

தடிப்போடு உதடு, நாக்கு, கண் வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, தலை சுற்றினாலோ அது அவசரம். ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். குளிரால் காணாக்கடி வருகிறவர்கள் குளத்திலோ நீச்சல் குளத்திலோ குதித்தால் உடம்பு முழுதும் ஒரே நேரத்தில் ஹிஸ்டமின் கொட்டி மயங்கிவிடலாம். நீந்தத் தெரிந்தவரும் மூழ்கிப்போகும் இந்த ஆபத்தை ஹார்ட்டன் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய சகாக்களும் 1936-லேயே எச்சரித்திருக்கிறார்கள். கோடை விடுமுறையில் பிள்ளையை நீச்சல் வகுப்பில் சேர்க்கும் முன், பச்சைத் தண்ணீரில் அவனுக்குத் தடிக்கிறதா என்று கவனியுங்கள்.

குளியலறையில் வரும் எல்லா மயக்கமும் ஒவ்வாமை அல்ல. தலையில் வெந்நீரைச் செம்பால் மொண்டு ஊற்றும்போது சில நொடி விழித்தபடி நிற்பது, சம்பந்தமில்லாமல் பேசுவது, இழுப்பு வருவது, இவை வெந்நீர் வலிப்பாக இருக்கலாம். தென் கர்நாடகத்தில் அதிகம் காணப்படும் நோய் இது. நம் நகரத்து நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் டாக்டர் பி. சதீஷ்சந்திராவும் குழுவினரும் 1988-ல் 279 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். சூட்டைக் குறைத்து ஊற்றினாலே பலருக்கு அடங்கும், சிகிச்சையும் உண்டு. கேஸ் கீசர் உள்ள அடைத்த குளியலறையில் தலைவலியும் மயக்கமும் வந்தால் அது நச்சு வாயு. உடனே கதவைத் திறந்து ஆளை வெளியே கொண்டுவர வேண்டும். கீசரைக் குளியலறைக்கு வெளியே மாற்றிவிடுவதே சரி.

களிம்பு என்ற வம்பு

மருந்துக் கடையில் "அரிப்புக்கு ஒன்று கொடுங்கள்" என்று கேட்டு வாங்கும் களிம்புகள் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. இரண்டு நாளில் அரிப்பு அடங்கும். விட்டால் இரட்டிப்பாக வரும். படர்தாமரை மீது தடவினால் உரம் போட்டது போல் பரவும். மாதக்கணக்கில் தடவினால் தோல் காகிதமாய் மெலியும். 2018-ல் மத்திய அரசு இத்தகைய 14 ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது காரணம் இல்லாமல் இல்லை. காணாக்கடிக்கு செட்டிரிசின் போன்ற மாத்திரைகள் நன்றாகவே வேலை செய்யும். வறட்சிக்கும் சொறிக்கும் அவை மருந்தாகா. பழைய வகை மாத்திரைகள் தூக்கம் வரவழைக்கும். சாப்பிட்டுவிட்டு வண்டி ஓட்டக் கூடாது.

சிவாஜி நகர் பௌரிங் மருத்துவமனை, மார்க்கெட் பக்கத்து விக்டோரியா, கோரமங்கலா செயின்ட் ஜான்ஸ் ஆகியவற்றில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. தமிழ் தெரிந்த மருத்துவர் கிடைக்காவிட்டாலும் தயங்க வேண்டாம். "ஸ்நானா மாடித மேலே துரிக்கே பருத்தே" என்று சொன்னால் குளித்தபின் அரிக்கிறது என்று புரிந்துகொள்வார்கள். போவதற்கு முன் ஒரு வாரம் ஒரு தாளில் குறித்து வையுங்கள்: குளித்த நேரம், வெந்நீரா பச்சைத் தண்ணீரா, எந்த சோப்பு, எத்தனை நிமிடத்தில் அரித்தது, எப்போது நின்றது. தடிப்பு மருத்துவரைப் பார்ப்பதற்குள் மறைந்துவிடும் என்பதால், எழுந்தவுடன் கைப்பேசியில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தீபாவளி எண்ணெய்க் குளியலும் சனிக்கிழமைத் தலைக்குளியலும் நாம் ஊரிலிருந்து கொண்டுவந்தவை. விட வேண்டியதில்லை. வெந்நீரின் சூட்டைக் கொஞ்சம் இறக்கி, தேய்ப்பதைக் கொஞ்சம் குறைத்து, குளித்த கையோடு கொஞ்சம் எண்ணெய் தொட்டுக்கொண்டால் பெரும்பாலான வீடுகளில் அரிப்பு போய்விடும். அதற்கும் போகாத அரிப்பு ஏதோ சொல்ல வருகிறது என்று எண்ணி, இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.